நீராவி செலுத்தும் நேரம் கூடும்போது நிலக்கரியிலிருந்து செய்த கரியின் அயோடின் எண் குறைவது ஏன்?

கேள்வி:
பிட்டுமினஸ் நிலக்கரியைக் கரியாக்கி, 950 பாகை செல்சியஸில் நீராவி செலுத்திச் செயலூட்டி (அதாவது, துளைகளைத் திறந்து கவரும் திறனைக் கூட்டி) வருகிறேன். நேரத்தை நீட்டினால் அயோடின் எண் (ஒரு கிராம் கரி கவரும் அயோடினின் மில்லிகிராம் அளவு) முதலில் உயர்ந்து, பின்னர் இறங்குகிறது. மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை ஏற்கும் அளவோ அதன் பிறகும் ஏறிக்கொண்டே இருக்கிறது. துளைகள் அழிகின்றனவா, அகல்கின்றனவா?

மறுமொழி 1:
அகல்கின்றன என்பதே சரி. கரியாக்கும்போதே நுண்துளைகள் உருவாகிவிடுகின்றன. ஆனால் தாரிலிருந்து படிந்த ஒழுங்கற்ற கார்பன் அவற்றின் வாயை அடைத்திருக்கும். நீராவி முதலில் அந்தக் கார்பனோடு வினைபுரிந்து, அதைக் கார்பன் மோனாக்சைடாக வெளியேற்றுவதால் 2 நானோமீட்டருக்குக் குறைந்த இந்த நுண்துளைகள் திறந்து, அயோடின் எண் உயர்கிறது. அடைப்பு தீர்ந்தபின் நீராவி துளைச் சுவர்களையே அரிக்கத் தொடங்கி, அடுத்தடுத்த இரு துளைகளுக்கு இடைப்பட்ட சுவரைக் கரைத்து, அவற்றை 2 முதல் 50 நானோமீட்டர் வரையுள்ள ஒரே இடைத்துளையாக்கிவிடுகிறது. உருவில் பெரிய மெத்திலீன் நீல மூலக்கூறுக்கு அது வசதி, மேற்பரப்புக்கோ இழப்பு. எடையிழப்பு 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் நுண்துளைகள் மேலோங்கும், 75-ஐத் தாண்டினால் 50 நானோமீட்டருக்கு மேற்பட்ட பெருந்துளைகள் மேலோங்கும் என்பது நெடுநாளாகக் கையாளப்படும் அளவுகோல். ஆகவே நேரத்தைக் காட்டிலும் எடையிழப்பைக் குறித்துவையுங்கள்.

மறுமொழி 2:
சாம்பலை விட்டுவிட்டால் இந்தக் கணக்குப் பிழையாகும். 100 கிராம் கரியில் 10 கிராம் சாம்பல் இருந்து, 50 கிராம் கார்பன் வெளியேறினால், எஞ்சியதில் சாம்பல் 20 விழுக்காடாகிவிடும். சாம்பல் எதையும் பெரிதாகக் கவர்வதில்லை என்பதால், துளைகள் கெடாவிட்டாலும் ஒரு கிராமுக்கான அயோடின் எண் தாழ்ந்தே தெரியும். மேலும் அதிலுள்ள இரும்பும் கால்சியமும் வினையூக்கிகளாகித் தம்மைச் சுற்றியுள்ள கார்பனைக் குடைந்து அகன்ற துளைகளை உண்டாக்குகின்றன. அமிலத்தில் கழுவிய கரியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உலையிலிருந்து எடுக்கும்போது கரிமணிகள் சிறுத்திருக்கின்றன, தொட்டால் விரலில் கரித்தூள் ஒட்டுகிறது. இதற்கும் தொடர்பு உண்டா?

மறுமொழி 3:
நேரடியான தொடர்பு உண்டு. வெப்பநிலை மிகுந்தால் நீராவி மணியின் உள்ளே ஊடுருவும் முன்பே வெளிப்புறத்தில் வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. தோல் உதிர, உட்கரு பாதி செயலூட்டப்பட்ட நிலையிலேயே நின்றுவிடும். மணிகளின் மேற்புறத்தை உரசி எடுத்த தூளுக்கும் உட்கருவுக்கும் தனித்தனியே அயோடின் எண் பாருங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால், மணியின் அளவைக் குறைத்து, 850 பாகையில் கூடுதல் நேரம் வைத்து, அதே எடையிழப்புக்குக் கொண்டுவாருங்கள்.