பெரிய கோப்பை, அதே காபி: ஸ்டார்பக்ஸ் வளர்த்ததா, கெடுத்ததா?

அந்திமழை:
1983இல் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் இத்தாலியின் மிலான் நகரத்து எஸ்பிரசோ (அழுத்தத்தில் இறக்கும் சிறு அளவுக் கெட்டிக் காபி) கடைகளைக் கண்டு மயங்கினார். அங்கே சிறு பீங்கான் கோப்பையில், நின்றபடியே இரண்டு மடக்கு குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். அந்த மயக்கத்தில் அவர் அமெரிக்காவில் வளர்த்த காபித் தொடர்கடையான ஸ்டார்பக்ஸோ கோப்பையைப் பெருக்கிக்கொண்டே போனது. 2011இல் 31 அவுன்ஸ் பிடிக்கும் டிரென்டா என்ற கோப்பை அளவு வந்தது. எஸ்பிரசோவில் பால் சேர்த்த சூடான லாட்டேயைப் பாருங்கள்: 16 அவுன்ஸ் கிராண்டே அளவிலும் இரண்டு ஷாட் (இரண்டு அளவு எஸ்பிரசோ), 20 அவுன்ஸ் வென்டியிலும் அதே இரண்டு ஷாட். கூடுதல் காசு பாலுக்குத்தான். இதைக் காபிக் கடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கருவேலம்:
மிலானோடு ஒப்பிடுவது நியாயமில்லை, நண்பரே. அதற்கு முன் அமெரிக்கச் சாலையோர உணவகங்களில் கிடைத்தது என்ன? சூட்டுத் தட்டின் மேலேயே கிடந்து கசந்துபோன காபி. எஸ்பிரசோவைச் சிற்றூர்கள் வரை கொண்டுபோனது இந்த நிறுவனம். பாலும் சிரப்பும் சேர்த்ததால்தான் புதியவர்கள் உள்ளே வந்தார்கள். காகிதக் கோப்பையின் பக்கவாட்டில் ஆறு கட்டங்கள் அச்சிட்டிருப்பார்கள்: காஃபீன் நீக்கியதா, எத்தனை ஷாட், என்ன சிரப், எந்தப் பால், வேறு மாற்றம் உண்டா, என்ன பானம். குடிப்பவர் விருப்பத்துக்கு இத்தனை இடம் கொடுத்த கடை அன்று எது? ஷாட் போதாதென்றால் கேளுங்கள், இன்னொன்று போடுவார்கள்.

அந்திமழை:
அதற்கும் தனிக் காசு! கடைகளைப் பெருக்கிய வேகம் என்ன செய்தது என்று ஷுல்ட்ஸே 2007இல் நிர்வாகிகளுக்கு எழுதிய கடிதத்தில் வருந்தியிருக்கிறார். தானியங்கி இயந்திரங்கள் உயரமாக நின்று, காபி தயாராவதையே வாடிக்கையாளர் பார்க்க முடியாமல் மறைத்தன. பையில் அடைத்த கொட்டை வந்ததும் கடைக்குள் மணமும் போயிற்று. காபிக் கடையில் காபி மணக்கவில்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

கருவேலம்:
அந்தக் கடிதம் என் பக்கம்தான் பேசுகிறது. 2008 பிப்ரவரி 26 மாலை, அமெரிக்காவில் சுமார் 7,100 கடைகளை மூடி, ஊழியர்களுக்கு எஸ்பிரசோ போடப் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு உயரம் குறைந்த மாஸ்ட்ரேனா இயந்திரத்தை வைத்தார்கள். வருமானத்தை விட்டுத் திருத்திக்கொண்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

சிறுமலை:
இருவரும் கோப்பைக்கு இந்தப் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். நான் வேறொரு தொடர்கடையில் வேலை செய்தவன். எதிரே வரிசை நிற்கும். அலைபேசிச் செயலியில் வந்த ஆர்டர்கள் பக்கத்தில் ஒட்டுச்சீட்டுகளாக வந்து விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் நாலைந்து மாற்றங்கள். முகம் பார்த்து வணக்கம் சொல்ல நேரம் ஏது? 2024இல் ஸ்டார்பக்ஸ் பொறுப்பேற்ற பிரையன் நிக்கல், கோப்பையில் மறுபடி பேனாவால் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். உட்கார்ந்து குடிப்பவர்களுக்குப் பீங்கான் கோப்பையும் திரும்பியது. நல்லதுதான். ஆனால் எழுதுவதும் கழுவுவதும் அதே இரண்டு கைகள். நெரிசல் நேரத்தில் கூடுதலாக ஓர் ஆள் போடாமல் சேவையைப் பற்றி எந்த நிறுவனமும் பேசக்கூடாது.