மணி பிளான்ட் கொடி பாதிக்கு மேல் மொட்டை, எங்கே வெட்டுவது?

கேள்வி: பள்ளிக்கரணை வாசி

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மூன்று சின்னத் துண்டு மணி பிளான்ட் கொடுத்தார். இப்போது அது தொட்டிக்கு மாறி, டிவிக்கு மேலே நூல் கட்டி, சுவரோடு ஓடுகிறது. நேற்று இஞ்சு டேப் வைத்து அளந்தேன். நீளமான கொடி 9 அடி. பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், தொட்டியிலிருந்து முதல் 5 அடிக்கு ஒரு இலை கிடையாது, துணி காயப்போடும் கயிறு மாதிரி இருக்கிறது. நுனியில் மட்டும் 11 இலை, அதுவும் கொழுந்து வெற்றிலை அளவுக்கு. மற்ற இரண்டு கொடிக்கும் இதே கதிதான்.

டீத்தூளைக் கழுவிப் போட்டேன், அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினேன், மண்புழு உரம் இரண்டு கைப்பிடி போட்டேன். நுனி இன்னும் ஓரடி நீண்டதே தவிர, மொட்டையான இடத்தில் ஒன்றும் வரவில்லை.

வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தால், "வளருகிற மணி பிளான்ட்டை வெட்டினால் வருகிற காசு நின்றுபோகும்" என்கிறார் மாமியார். அவர் பத்து நாள் ஊருக்குப் போயிருக்கிறார். அதற்குள் முடிக்க வேண்டும். எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, வெட்டின துண்டை என்ன செய்வது?

பதில் 1: திருச்சி மொட்டைமாடி

முதலில் அந்த டீத்தூளையும் அரிசித் தண்ணீரையும் நிறுத்தும்மா. செடிக்குப் பசியில்லை. கொடியின் நுனி இருக்கிறதே, அது வீட்டுக்கு மூத்த மருமகள் மாதிரி, மற்றவர்களைத் தலையெடுக்க விடாது. நுனியில் ஊறும் ஆக்சின் என்கிற ஹார்மோன் கீழே இறங்கி வந்து, கணுக்களில் இருக்கிற மொட்டுகளைத் தூங்கவைத்துவிடும். நீங்கள் போட்ட உரம் எல்லாம் நுனிக்குத்தான் போயிருக்கிறது. நுனியை எடுத்தால்தான் கீழே இருக்கிறவை கண் விழிக்கும். இலை உதிர்ந்த கணுவிலும் மொட்டு உயிரோடுதான் இருக்கும்.

கணுவைக் கண்டுபிடிப்பது சுலபம். மொட்டைக் கொடியில் விரலை ஓட்டிக்கொண்டே போங்கள், மூங்கிலில் வருவது போல ஒரு மோதிர வளையம் தட்டுப்படும். அங்கே பழுப்பு நிறத்தில் மிளகு அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தால் அது வேர் முனை. தொட்டியில் நிற்கிற பாகத்துக்கு, மண்ணிலிருந்து நாலைந்து கணு விட்டு, கணுவுக்கு அரை அங்குலம் மேலே வெட்டுங்கள். கணுவை ஒட்டி வெட்டினால் வெட்டுவாய் காயும்போது மொட்டும் சேர்ந்து காயும். வெட்டி எடுத்த துண்டுக்கு நேர்மாறு, கணுவுக்கு அரை அங்குலம் கீழே. வேர் கணுவில்தான் வரும், இரண்டு கணுவுக்கு நடுவில் இருக்கிற தண்டைத் தண்ணீரில் போட்டால் அழுகத்தான் செய்யும்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிட்டயர் ஆன புதிதில், உற்சாகத்தில் ஏழு கொடியையும் ஒரே நாளில் முண்டமாக்கினேன். தண்ணீரை மட்டும் பழைய கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன். குடிக்க இலை ஏது? மூன்றாவது வாரம் தொட்டியைச் சாய்த்தால் வேர் கொழகொழவென்று சாக்கடை நாற்றம். அதனால் மூன்றில் இரண்டை இப்போது வெட்டுங்கள், ஒன்றை அது துளிர்த்த பிறகு. வெட்டியதும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

துண்டுகளை வேர் பிடித்ததும் வேறு தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள். அதே தொட்டியில் ஓரமாகச் சுற்றி நடுங்கள். ஒரு கொடி இருந்த இடத்தில் ஆறு கொடி. கடைகளில் அடர்த்தியாகத் தெரிகிற தொட்டிகளில் இருக்கும் ரகசியம் இதுதான், அது ஒரு செடியே இல்லை.

பதில் 2: கோவை பூனைவீடு

சார் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சுங்க. வெட்டும்போது கையுறை போட்டுக்கோங்க, இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கவராவது. செடியின் சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான ஆக்ஸலேட் படிகங்கள் இருக்கும், சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிக்குமே, அதே சமாச்சாரம். எங்கள் வீட்டுப் பூனை ஒரு தடவை இலையைக் கடித்துவிட்டு, வாயில் நுரை தள்ள மூலையில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. வெட்டின துண்டைத் தரையில் போட்டு வைக்காதீங்க. வீட்டில் தவழும் குழந்தை இருந்தாலும் அப்படித்தான்.

துண்டைத் தண்ணீரில் போடுவது எனக்குப் பிடிக்காது. தண்ணீரில் வந்த வேர் மண்ணுக்கு மாற்றினால் கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும். நான் நேரே ஆற்று மணலும் தேங்காய் நார்க் கழிவும் பாதிப் பாதி கலந்து நட்டுவிடுவேன். இலையில்லாத துண்டைக் கூட, கணு புதைகிற மாதிரி படுக்கவைத்தால் துளிர்க்கும். பாட்டில்தான் வேண்டும் என்றால் வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்க. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

அப்புறம், வெளிச்சம் பற்றி யாருமே கேட்கவில்லையே? டிவிக்கு மேலே ஜன்னல் எங்கே இருக்கிறது?

பள்ளிக்கரணை வாசி

ஜன்னல் எதிர்ச்சுவரில், பத்தடி தள்ளி. அதுவும் திரை போட்டிருக்கும்.

பதில் 3: நாகர்கோவில் தம்பி

அப்போ விஷயம் முடிஞ்சுது அக்கா. வெளிச்சம் தேடித்தான் கொடி நீண்டிருக்கிறது. வெட்டினாலும் அங்கேயே வைத்தால் ஒரு வருஷத்தில் மறுபடி கயிறுதான். ஜன்னலுக்கு மூன்றடிக்குள் கொண்டுவாருங்கள், நேர் வெயில் மட்டும் படக்கூடாது.

இலை சிறுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கொடி மேலே ஏறினால் இலை பெருக்கும், தொங்கினாலும் படர்ந்தாலும் சிறுக்கும். எங்கள் பக்கம் தென்னையில் ஏறினது ஒவ்வொரு இலையும் முறம் மாதிரி இருக்கும், ஓரத்தில் கிழிசல் கூட விழும். பெரிய இலை ஆசை என்றால் தேங்காய் நார் சுற்றின கம்பு ஒன்றை ஊன்றி ஏற்றிவிடுங்கள். மாமியார் கேட்டால், இது பசிபிக் கடலில் மூரியா தீவில் இருந்து வந்த செடி, அதற்கு நம் ரூபாய்க் கணக்கு தெரியாது என்று சொல்லுங்கள்.

பள்ளிக்கரணை வாசி, 26 நாள் கழித்து

இரண்டு கொடியை வெட்டினேன். கத்தரிக்கோலை டெட்டால் போட்டுத் துடைத்தேன். மொத்தம் 14 துண்டு. சண்டை வேண்டாம் என்று பாதி பாட்டிலில், பாதி மணலில். பாட்டிலில் பன்னிரண்டாம் நாளே வெள்ளை வேர் தெரிந்தது. மணலில் இருப்பதை இழுத்துப் பார்த்தேன், பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது. இரண்டு மட்டும் அழுகிவிட்டன, இரண்டுமே கணு இல்லாமல் நான் அவசரத்தில் வெட்டியவை.

தொட்டியில் நின்ற இரண்டு கட்டையில் ஒன்று மட்டும், இரண்டு இடத்தில் துளிர்த்திருக்கிறது, பச்சைப் பென்சில் முனை மாதிரி. இன்னொன்று அப்படியே நிற்கிறது, ஆனால் நகத்தால் கீறினால் உள்ளே பச்சை. காத்திருக்கலாமா?

மாமியார் வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. நேற்று போனில் தங்கையிடம், "இங்கே நிறைய பாட்டில் போட்டு வைத்திருக்கிறாள், வரும்போது ஒன்று எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திருச்சி மொட்டைமாடி

உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. இன்னும் மூன்று வாரம் விடுங்கள், நகத்தால் மட்டும் தினமும் கீறாதீர்கள். தங்கைக்குக் கொடுக்கிற பாட்டிலில் கணு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள்.