பேரிக்காய் வடிவ ஒற்றைக்கல் வைர மோதிரம்: இரண்டு கற்களில் எதைத் தேர்வது?

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது

அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். மோதிரம் மாற்றும்போது பெண்ணுக்கு அணிவிக்க ஒற்றைக்கல் வைர மோதிரம் வாங்கவிருக்கிறேன். கல் பேரிக்காய் வடிவத்தில், கடைகளில் 'பேர் ஷேப்' என்கிறார்களே, அப்படி இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் சொன்ன விருப்பம்.

இரண்டு சனிக்கிழமைகள் என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் தங்கசாலைத் தெருவிலும் ஏறி இறங்கியதில், ஒரே கடையில் இரண்டு கற்கள் மனத்தில் நின்றன. இரண்டுக்கும் ஜிஐஏ என்ற வைரத் தர ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழ் உண்டு. முதலாவது 52 சென்ட் (நூறு சென்ட் ஒரு காரட்), ஜி நிறம், விஎஸ்1 தெளிவு, 7.4 மி.மீ. நீளம், 4.3 மி.மீ. அகலம். இரண்டாவது 50 சென்ட், எச் நிறம், எஸ்ஐ1 தெளிவு, 6.9 மி.மீ. நீளம், 4.5 மி.மீ. அகலம். சான்றிதழ்படி முதல் கல்லே எல்லா வகையிலும் மேல் என்று கடைக்காரர் அதையே வலியுறுத்துகிறார். விலையும் ஏறத்தாழ 28,000 ரூபாய் அதிகம். ஆனால், எனக்கென்னவோ இரண்டாவதுதான் கண்ணுக்கு நிறைவாகத் தெரிகிறது. சான்றிதழில் நிறம், தெளிவு எல்லாம் இருக்க, வெட்டுத் தரம் மட்டும் குறிக்கப்படவில்லை. இதில் ஏதேனும் மறைக்கிறார்களா? இதே கடையில் ஆய்வகத்தில் வளர்த்த ஒரு காரட் கல்லைப் பாதி விலைக்கும் குறைவாகத் தருவதாகச் சொல்கிறார்கள்.

வீட்டில் அம்மாவுக்கு இரண்டு மனக்குறைகள். 18 காரட் தங்கத்தில் நகை செய்வது அவருக்குப் பிடிக்கவில்லை. 916, அதாவது 22 காரட் தான் வேண்டும் என்கிறார். இந்த வடிவத்தைக் கண்ணீர்த்துளி என்று யாரோ சொல்லிவிட்டதால் அதுவும் உறுத்துகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பெரம்பூர் வாசகர் எழுதியது

தம்பி, எதையும் மறைக்கவில்லை. ஜிஐஏ நிறுவனம் வட்ட வைரத்துக்கு மட்டுமே வெட்டுத் தரம் வழங்குகிறது. பேரிக்காய் போன்ற பிற வடிவங்களுக்கு மெருகு, சமச்சீர் ஆகிய இரண்டை மட்டும் குறிப்பிடுவார்கள். எனவே, இந்த வடிவத்தில் எது அழகு என்பதைச் சான்றிதழ் சொல்லாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மையை மட்டுமே உறுதிசெய்கிறது, வைரத்தைப் பற்றி அது எதுவும் பேசாது. முக்கோணச் சின்னம், 18கே750 என்ற குறி, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு குறிகள் கொண்ட எச்யூஐடி என்ற தனி அடையாளக் குறி ஆகிய மூன்றும் மோதிரத்தின் உட்புறத்தில் இருக்க வேண்டும். அந்த எச்யூஐடியை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுப் பாருங்கள். ரசீதில் தங்கத்தின் நிகர எடையும் வைரத்தின் எடையும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு காரட் என்பது 0.2 கிராம், உங்கள் அரைக் காரட் கல் 0.1 கிராம்தான். அது தங்கத்தின் எடையோடு சேர்ந்துவிட்டால் தங்க விலையில் கல்லுக்கு இன்னொரு முறை பணம் கொடுத்தவர் ஆவீர்கள்.

ஆய்வகக் கல்லும் வைரமேதான். அதே கரிமம், அதே கடினம். கடைகளில் கையில் வைத்திருக்கும் சாதாரண சோதனைக் கருவி இரண்டையும் பிரித்துக் காட்டாது. அதனால் எதை வாங்கினாலும் அது எந்த வகை என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். அதன் விலை சில ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது. திரும்ப விற்றால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. நிலத்தில் கிடைத்த கல்லும் தங்கத்தைப் போலப் பணம் திருப்பித் தரும் என்று எண்ண வேண்டாம். அடகுக் கடையில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்குக் கடன் கொடுப்பார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

கல் பதிப்பவர் எழுதியது

சௌகார்பேட்டையில் வீரப்பன் தெரு பக்கம் நெடுங்காலமாகக் கல் பதிக்கும் வேலை செய்து வருகிறேன். தம்பி, உங்கள் கண் சொன்னதில் பொருள் இருக்கிறது.

முதலில், நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் கல் 1.72, இரண்டாவது 1.53. பொதுவாக 1.5 முதல் 1.6 வரை உள்ள கல்லைத்தான் பெரும்பாலோர் நிறைவாக உணர்கிறார்கள்; 1.7-ஐத் தாண்டினால் கல் ஒல்லியாகி, முனை மெலிந்து போகும். நீளமான கல்லை விரும்புவோரும் உண்டு, அது குற்றமில்லை. ஆனால் மெலிந்த முனைக்கு ஆபத்து அதிகம். வைரம் கடினமானதுதான், வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்ற பழமொழியும் பொய்யில்லை. ஆயினும் சில திசைகளில் அடிபட்டால் அது பிளந்துவிடும் என்பதை எங்கள் மேசையில் உடைந்த முனைகளைப் பார்த்தவர்களே அறிவார்கள்.

அடுத்து, நடுவில் விழும் கருப்பு. பேரிக்காய்க் கல்லை நேராகப் பார்த்தால் குறுக்கே வண்ணத்துப்பூச்சி போல ஒரு நிழல் தெரியும். பார்ப்பவருடைய தலையின் நிழலையே கல்லின் நடுப்பட்டைகள் திருப்பிக் காட்டுவதும், அவ்விடத்தில் ஒளி திரும்பாமல் அடிவழியே கசிவதும் இதற்குக் காரணங்கள். எந்தக் கல்லும் இதிலிருந்து முழுவதும் தப்புவதில்லை. கல்லைச் சற்றுச் சாய்த்தவுடன் அந்தக் கருப்பு வெளிச்சமாக மாறினால் நல்ல கல். எப்படித் திருப்பினாலும் அப்படியே கருத்துக் கிடந்தால் விட்டுவிடுங்கள். கடையின் விளக்குகளுக்குக் கீழே கண்ணாடித் துண்டுகூட மின்னும். ஆகையால் காலை பதினோரு மணியளவில் சென்று, கடை வாசலில் பகல் வெளிச்சத்தில், கையை நீட்டி வைத்துப் பாருங்கள். தங்கசாலைத் தெருவில் வெயில் விழும் வாசலைத் தேடுவதும் ஒரு வேலைதான்!

வெளிக்கோட்டையும் கவனியுங்கள். முனையிலிருந்து அடிவரை ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொண்டால் இரு பாதிகளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தோள்கள் உருண்டு இறங்க வேண்டும். பக்கங்கள் இலேசாகப் புடைத்திருக்க வேண்டும், தட்டையாக இருக்கக் கூடாது. கல்லை வெள்ளைத் தாளில் வைத்து மேலிருந்து கைப்பேசியில் படமெடுத்து, அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கோணல் உடனே தெரிந்துவிடும்.

தெளிவில் விஎஸ்1 என்பதற்காக அதிகப் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். குறை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். வெண்கீற்று, அதாவது கல்லுக்குள் இருக்கும் நுண்விரிசல், ஒன்று முனையில் இருந்தால், கல்லைப் பிடிக்கும் உலோக நகத்தை அழுத்தும்போது என் கையிலேயே அது உடையக்கூடும். அதே கீற்று உருண்ட அடிப்பக்க ஓரத்தில் இருந்தால் நகத்துக்கு அடியில் மறைந்துவிடும். சான்றிதழில் உள்ள வரைபடத்தில் குறை எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நிறம் முனையில்தான் கூடுதலாகத் தெரியும். எனினும் மஞ்சள் தங்கத்தில் எச் நிறக் கல் வெண்மையாகவே தோன்றும்.

முனைக்கு 'வி' வடிவ நகம் கட்டாயம் வேண்டும். மற்ற நான்கில் இரண்டு தோளிலும் இரண்டு அடியிலும் வரட்டும். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: 916 தங்கம் மென்மையானது, அதில் செய்த மெல்லிய நகம் நாளடைவில் தேய்ந்து விரியும், கல் உதிர்ந்துபோனால் தூய்மை நமக்கு உதவாது. 18 காரட்டில் கலந்துள்ள பிற உலோகமே கல்லைப் பிடித்து வைக்கிறது.

ராயபுரத்து அக்கா எழுதியது

நான் நான்கு ஆண்டுகளாக இதே வடிவ மோதிரம் அணிகிறேன். யாரும் சொல்லாத இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். கல்லின் பாரம் மேலே இருப்பதால், மோதிரம் சற்றுத் தளர்ந்தாலும் விரலைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிவிடும். நம் ஊர் வெயிலில் மாலை நேரத்து விரல் காலையைவிடப் பருத்திருக்கும்; இரண்டு வேளையிலும் அளவெடுத்து நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கல்லை மிக உயரமாகத் தூக்கிப் பதிக்கவும் விடாதீர்கள். என் மோதிரத்தில் அப்படிச் செய்துவிட்டதால் பட்டுப் புடவையின் சரிகை இருமுறை சிக்கி இழுபட்டது, எம்.சி. சாலையில் ஆசையாக வாங்கிய புடவை அது.

கல்லின் முனை விரல்நுனியைப் பார்த்திருக்கும்படி அணிவதுதான் வழக்கம். விரல் நீளமாகத் தெரியும். கண்ணீர்த்துளி என்று மனம் வருந்தும் அம்மாவிடம் மாங்காய் என்று சொல்லிப் பாருங்கள். மாங்காய் மாலையில் முனை வளைந்திருக்கும், இதில் நேராக இருக்கும்; அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டைக்காரன் எழுதியது

அனைவருக்கும் நன்றி. நேற்று பெண்ணையும் அழைத்துக்கொண்டு, தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கிச் சென்றோம். இரண்டு கற்களும் இன்னும் பதிக்கப்படாமல் இருந்ததால் வாசலில் வைத்துப் பார்த்தோம். முதல் கல்லின் கருப்பு எப்படிச் சாய்த்தாலும் அகலவில்லை. இரண்டாவதில் அது ஒளியோடு ஓடியது. வரைபடத்தில் அதன் குறை அடிப்பக்கத்தில் இருந்தது. அவர் முதல் கல்லைத் தட்டிலிருந்து ஒதுக்கிவைத்தபோது கடைக்காரர் விலையைக் குறைத்துப் பார்த்தார், பயனில்லை. இரண்டாவதையே 18 காரட் மஞ்சள் தங்கத்தில் பதிக்கச் சொல்லிவிட்டோம். அம்மா மாங்காயை ஏற்றுக்கொண்டார், 18 காரட்டுக்கு இன்னும் முணுமுணுக்கிறார். ஐயா, பதித்த பிறகு எதைச் சோதிக்க வேண்டும்?

கல் பதிப்பவர் எழுதியது

பதிப்பதற்கு முன்பே, கல்லின் ஓரத்தில் சான்றிதழ் எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் பார்த்து, அந்த இடத்தை நகம் மூடாதபடி கேட்டுக்கொள்ளுங்கள். பதித்த பிறகு அதே எண்ணை மறுபடி பாருங்கள். பின்னர் சிறிது பஞ்சை எடுத்து ஐந்து நகங்களின் மேலும் தடவுங்கள். இழை எங்காவது சிக்கினால் அந்த நகம் கல்லோடு படியவில்லை. அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.