உறையாத குளிரில் கால் அழுகியது எப்படி? (முதல் உலகப் போர், பதுங்குகுழிகள்)

மாறன்:
1914-15 குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 20,000 பேருக்கு மேல் ‘டிரெஞ்ச் ஃபுட்’ (பதுங்குகுழி ஈரத்தில் கால் கெட்டுப்போகும் நோய்) வந்ததாகப் படித்தேன். போர் நடந்த பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் பல நாள் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரே இல்லையே, அப்புறம் கால் எப்படி அழுகியது? வீரர்கள் காலில் திமிங்கில எண்ணெய் தடவியது பலித்ததா?

குறிஞ்சி:
பனிக்கடி வேறு, இது வேறு. பனிக்கடியில் திசுவே உறைந்துபோகும். இதற்கு 10 டிகிரிக் குளிரும் விடாத ஈரமும் போதும். உடம்பு தன் சூட்டைக் காக்கக் கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போகும். வலி தெரியாததால் வீரர் கவனிக்கவே மாட்டார், கொடுமையே அதுதான். பூட்ஸைக் கழற்றியதும் கால் வீங்கிவிடும், திரும்ப மாட்ட முடியாது. சூடு ஏறும்போது தாங்கமுடியாத எரிச்சல், பிறகு கொப்புளம். முற்றினால் விரல்கள் கறுத்து அழுகும், வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

நனைந்து இறுகிய பூட்ஸும் கெண்டைக்காலில் சுற்றிய துணிப்பட்டியும் ரத்த ஓட்டத்தை இன்னும் நெரித்தன. பகலில் தலை தூக்கினால் குண்டு பாயும் என்பதால் முழங்கால் சேற்றில் அசையாமல் நின்றார்கள்.

செந்தில்நாதன்:
என் கணிப்பில், எண்ணெயைவிட அதோடு வந்த கட்டாய ஒழுங்குதான் கால்களைக் காப்பாற்றியது. தினமும் பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றி, காலைத் துடைத்து உலர்த்தி, எண்ணெய் தேய்த்து, காய்ந்த சாக்ஸ் போடவேண்டும். இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் காலுக்கு மற்றவரைப் பொறுப்பாக்கினார்கள். அதிகாரிகளும் வந்து பார்ப்பார்கள். காய்ந்த சாக்ஸ் இரவில் ரேஷனோடு வரும், நனைந்தது பின்னால் போகும். கடும் சண்டை நடக்கும்போது இதில் ஒன்றும் நடக்காது, நோயாளிகள் மறுபடி பெருகுவார்கள்.

ஏற்கெனவே வீங்கிய காலைத் தேய்க்கவே கூடாது, தோல் உரிந்துவிடும். நெருப்பருகே நீட்டவும் கூடாது. மரத்த கால் வெந்தாலும் தெரியாது. உலர்த்தி, உயர்த்தி வைத்து, மெல்லத்தான் சூடேற்றவேண்டும்.

கடலோரன்:
மண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாண்டர்ஸின் ஈப்ர் நகரப் பக்கம் சில அடி தோண்டினாலே ஊற்று. அதனால் மேலே மணல்மூட்டைச் சுவர், அடியில் மரச்சட்டப் பலகை. 1914 அக்டோபரில் அங்கே இறக்கப்பட்ட இந்தியப் படையினர் பலர் அந்தக் குளிருக்குப் பொருந்தாத மெல்லிய காக்கி உடையில் நின்றார்கள் என்பது மன்னிக்கமுடியாத அலட்சியம்.

மாறன்:
நன்றி. ‘டிரெஞ்ச் காய்ச்சல்’ இதன் தொடர்ச்சியா?

குறிஞ்சி:
இல்லை, அது சீலைப்பேன் பரப்பியது. 1918-ல்தான் உறுதியானது. பேனின் கழிவு, சொறிந்த புண் வழியே உள்ளே போகும். முழங்காலுக்குக் கீழ் எலும்பு வலியோடு காய்ச்சல் விட்டுவிட்டு வரும். உடையின் தையல் மடிப்பில் மெழுகுவத்திச் சுடரை ஓட்டி ஈரைக் கருக்குவார்கள். தப்பிய ஈர் உடம்புச் சூட்டில் மறுபடி குஞ்சு பொரித்துவிடும்.