பத்திரமாகப் பார்த்துக்கொள்ளப் போய்ப் பாழாக்கிய துணிகள் (அனுபவம் மட்டும், அறிவுரை வேண்டாம்)

காஜா_சுருங்கியவன்

அப்பாவின் மெரூன் ஸ்வெட்டர். கம்பளி, கையால் பின்னியது, முன்பக்கம் ஐந்து பட்டன். அவர் வெளியூர் போன நேரம் பார்த்து, திரும்பி வரும்போது புதிது மாதிரி இருக்கட்டும் என்று மெஷினில் போட்டேன். சுடுதண்ணீர், நீளமான சுற்று. கையால் பின்னியதற்கு லேபிள் கிடையாது, அதனால் லேபிளைப் படிக்கவில்லையா என்று யாரும் கேட்க வேண்டாம்.

வெளியே எடுத்தேன். ஈரமாக இருக்கும்போதே அட்டை மாதிரி நின்றது. சுருங்கியதைக்கூட ஏற்றுக்கொண்டேன். இன்னும் உறுத்துவது பட்டன்கள்தான். அவை அதே அளவில் இருக்கின்றன, காஜா மட்டும் சுருங்கிவிட்டது. பட்டனைச் சாய்த்து, திருப்பி, நகத்தால் தள்ளிப் பார்க்கிறேன், பாதிகூட நுழையவில்லை. மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஐந்தையும் ஒவ்வொன்றாக முயன்றேன், ஒன்றாவது போகாதா என்று.

நாளை மறுநாள் அப்பா வருகிறார். இப்படி நல்லது செய்யப் போய்த் துணியைக் கொன்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம், அழுதுவிடுவேன்.

ஊசிநூல்

இது அறிவுரை இல்லை, விளக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெந்நீர் மட்டும் காரணம் இல்லை. கம்பளி இழையின் மேல் ஓடு வேய்ந்த மாதிரிச் செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் சேரும்போது அவை விரியும். அந்த நேரத்தில் மெஷின் புரட்டிப் புரட்டி அடித்தால், ஓர் இழையின் செதில் பக்கத்து இழையில் மாட்டிக்கொள்ளும். முன்னே நகரும், பின்னே வராது. அப்படியே இறுகிக்கொண்டே போகும். செம்மறியாடு மழையில் நனைந்து சுருங்காததற்கு ஒரு காரணம், அதை யாரும் மெஷினில் போட்டுச் சுற்றுவதில்லை.

இப்போது செய்யக்கூடியது: கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில், தலைக்குப் போடும் கண்டிஷனர் இரண்டு மூன்று ஸ்பூன் கலந்து அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். எடுத்து முறுக்கிப் பிழியாதீர்கள். காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். பிறகு தட்டையாக விரித்து எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரங்களில் பாரம் வைத்துக் காய விடுங்கள். பின்னல் கண்கள் தனித்தனியாகத் தெரிந்தால் ஓரளவு மீளும். கண்ணே தெரியாமல் ஒரே பாளமாக ஆகியிருந்தால் மீளாது.

என் அனுபவமா? ஒரு கம்பளிக் காலுறை. இப்போது அதில் மூக்குக் கண்ணாடி வைத்திருக்கிறேன்.

நீலத்தில்_விழுந்தவன்

எனக்கு அடர்நீல டி-ஷர்ட். புதிது. "முதல் தடவை உப்புப் போட்டு ராத்திரி ஊற வை, சாயம் நிற்கும்" என்று சொல்லாத ஆள் கிடையாது. போட்டேன். உப்புதான் போட்டாயிற்றே என்ற தைரியத்தில் அதே வாளியில் ஒரு வெள்ளைப் பருத்திச் சட்டையும்.

காலையில் வாளி முழுக்க மை. சட்டை வானநீலம். திட்டுத் திட்டாக இருந்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் அவ்வளவு சீராக ஏறியிருந்தது. அதைவிட வேடிக்கை, தையல் மட்டும் வெள்ளை. காலர், பாக்கெட், கை மடிப்பு எல்லாவற்றிலும் வரிவரியாகப் பளிச்சென்று வெள்ளைத் தையல். நூல் பாலியஸ்டர், பருத்திக்கான சாயம் அதில் ஏறாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒருவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இந்த வெள்ளைத் தையல் அருமை, எங்கே தைத்தீர்கள்?" என்றார். சொல்லிக் கொடுத்துத் தைத்தது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்தான் உறுத்துகிறது, சட்டை இல்லை.

கல்லுப்பு

உப்பின் மேல் பழி போடாதீர்கள். அளவு குறைந்திருக்கும். எங்கள் வீட்டில் 30 வருடமாக ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி, ஒரு துணியும் சாயம் போனதில்லை.

சாயத்தொட்டி

மன்னிக்கவும், இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. சாயத் தொட்டி ஓரம் 11 வருடம் நின்றவன் நான்.

உப்புக்கு வேலை உண்டு, ஆனால் அது சாயம் ஏற்றும்போது. தண்ணீரில் பருத்திக்கு லேசான எதிர்மின்னூட்டம் இருக்கும், சாயத்துக்கும் அதே. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை இழைக்குள் அனுப்புகிறது. இன்று பருத்திக்குப் பெரும்பாலும் போடும் சாயம் இழையோடு பிணைவதற்குத் தனியாக சோடா வேண்டும். பிணையாமல் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருப்பதை அங்கேயே நன்றாக அலசி அனுப்ப வேண்டும். அலசாமல் விட்டதுதான் உங்கள் வாளியில் இறங்குகிறது. அதை வெளியே விரட்ட வேண்டுமே தவிர, பிடித்து வைக்கப் பார்க்கக் கூடாது.

நீலத்தில் விழுந்த நண்பரே, நீங்கள் செய்தது துணி துவைப்பதே இல்லை. சாயம், தண்ணீர், உப்பு, ராத்திரி முழுக்க நேரம். அது கிட்டத்தட்ட முறையான சாயமேற்றல். சீராக ஏறியதில் ஆச்சரியம் என்ன?

புதிய அடர்நிறத் துணி என்றால் தனியாக, குளிர்ந்த நீரில், தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். வேறு துணியில் ஏறிவிட்டால் காயவே விடாதீர்கள். ஈரத்தோடு உடனே திரும்பத் துவைத்தால் பெரும்பகுதி இறங்கிவிடும். வினிகரும் உப்பு மாதிரித்தான், ஏற்கெனவே சாயம் போட்ட பருத்தியில் ஒன்றும் செய்யாது.

கல்லுப்பு

அப்படியானால் எங்கள் 30 வருடம் பொய்யா?

நீலத்தில்_விழுந்தவன்

ஒன்று கேட்கலாமா? புதுத் துணியை முதல் இரண்டு மூன்று தடவை மற்றதோடு சேர்த்தா துவைக்கிறீர்கள்?

கல்லுப்பு

தனியாகத்தான். அதற்கென்ன?

சாயத்தொட்டி

அதுதான்.

அக்காவுக்குத்_தெரியாது

பட்டு ஸ்கார்ஃப். அக்காவுடையது, கேட்காமல் எடுத்தது. ஓரத்தில் பேனா மை, பொட்டு அளவு. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ப்ளீச் தொட்டு வைத்தேன். மை மங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, முழுதாகப் போகட்டும் என்று இன்னும் இரண்டு சொட்டு விட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் அந்த இடம் மஞ்சள். தொட்டால் வழவழவென்று விரலில் ஒட்டுகிறது. ஈரத் துணியால் ஒற்றியபோது அதோடு வந்துவிட்டது. கறை போய்விட்டது, கறை இருந்த இடமும் போய்விட்டது.

பட்டு, கம்பளி இரண்டும் புரதம், குளோரின் ப்ளீச் அதைக் கரைத்துவிடும் என்று புட்டியின் பின்பக்கமே எழுதியிருக்கிறது. நான் முன்பக்கம் மட்டும் படித்தேன். அக்கா இன்னும் அந்த ஸ்கார்ஃபைத் தேடுகிறாள். ஆறு வருடம் ஆகிறது.

ஜிப்_பல்

திறந்த ஜிப். அதே சுற்றில் மெல்லிய லினன் சட்டை. வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஈரத்துண்டு

துண்டு மிருதுவாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் சாஃப்ட்னர், அதுவும் தாராளமாக. தொட்டால் முயல்குட்டி. குளித்துவிட்டுத் துடைத்தால் தண்ணீர் முதுகிலிருந்து தோளுக்கு இடம் மாறுகிறதே தவிர, துண்டுக்குள் போக மாட்டேன் என்கிறது. இழையின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படிந்துவிடுமாம். இப்போது சாஃப்ட்னர் கிடையாது, துண்டு சொரசொரப்பு, நான் உலர்ந்த மனிதன்.

வெள்ளை_வெறியன்

அக்குளில் மஞ்சள் பிடித்த வெள்ளைச் சட்டை. ப்ளீச் ஊற்றினேன், மஞ்சள் போகவில்லை, கூடியது. சரி, வினிகர் கறையை எடுக்கும் என்கிறார்களே என்று அதே பாத்திரத்தில் வினிகரையும் ஊற்றினேன். ஜன்னல் இல்லாத பாத்ரூம். ஒரு நொடியில் மூக்கில் ஊசி குத்தின மாதிரி, கண்ணில் தண்ணீர், இருமல் நிற்கவில்லை. கதவுத் தாழ்ப்பாள் வழுக்கியது நினைவிருக்கிறது. எப்போது வெளியே வந்தேன் என்பது நினைவில்லை. சட்டை சாயங்காலம் வரை உள்ளேயே கிடந்தது, யாரும் எடுக்கப் போகவில்லை.

ஊசிநூல்

திரும்பவும் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சுவாசித்தது குளோரின் வாயு. ப்ளீச்சோடு எந்த அமிலமும் சேரக் கூடாது, அம்மோனியா உள்ளதும் சேரக் கூடாது. ப்ளீச்சோடு தண்ணீர் மட்டும்தான்.

மஞ்சளைப் பற்றி: அது அழுக்கு மட்டும் இல்லை. வியர்வையைத் தடுக்கப் பூசும் பொருளில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் துணியில் சேர்ந்து படிவது. குளோரின் ப்ளீச் அதை எடுக்காது, உங்களுக்கு நடந்த மாதிரி மோசமாக்கவும் செய்யும். ஆக்சிஜன் வகை ப்ளீச் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊறப் போடுங்கள். கறை போகும் வரை அயர்ன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். லேபிளில் வெறும் முக்கோணம் இருந்தால் எந்த ப்ளீச்சும் சரி. உள்ளே இரண்டு சாய்கோடு என்றால் ஆக்சிஜன் வகை மட்டும். பெருக்கல் குறி என்றால் எதுவும் கூடாது.

வெள்ளை_வெறியன்

தலைப்பில் அறிவுரை வேண்டாம் என்று போட்டிருக்கிறது. ஆனாலும் நன்றி.

நாலு_வருடம்_திறக்காதவள்

பாட்டியின் பச்சைக் கம்பளிச் சால்வை. அவர் கடைசியாகப் போர்த்தியபடியே, துவைக்காமல், வாசனை போய்விடக் கூடாது என்று மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். நாலு வருடம் திறக்கவே இல்லை, அவ்வளவு பத்திரம்.

திறந்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. மடிப்பில் மணல் மாதிரி ஏதோ உதிர்ந்தது. பிறகு ஒரு சின்னக் கூடு, விரல் நகத்தின் பாதி நீளம்கூட இல்லை, சால்வையின் அதே பச்சை. பிரிந்த நூல் துணுக்கு என்று எடுக்கப் போனேன். நகர்ந்தது.

அந்தப் புழு தான் தின்ற கம்பளியிலேயே தனக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஓட்டைகள் எல்லாம் கழுத்து படும் இடத்தில்தான், பாட்டியின் எண்ணெயும் வியர்வையும் இருந்த இடத்தில். நான் காப்பாற்ற நினைத்த அதே வாசனையைத் தேடித்தான் அதுவும் வந்திருக்கிறது.

அந்துருண்டை_எதிரி

நீங்கள் சொன்னதைப் படித்து மனசு கனத்துவிட்டது. எங்கள் வீட்டிலும் ஒரு கோட் போனது, அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இதைப் படிக்கும் எல்லோரும் உடனே அந்துருண்டை வாங்கப் போவார்கள், அதனால் எழுதுகிறேன். பறக்கும் பூச்சி துணியைத் தின்னாது, அதற்குத் தின்ன வாயே கிடையாது. தின்பது புழு. எனவே பறப்பதை அடித்தால் போதாது. வைக்கும் முன் துவைத்து நன்றாகக் காய வைப்பதுதான் முதல் காவல். சந்தேகம் இருந்தால் துணியைப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் செத்துவிடும். கஞ்சி போட்ட பருத்தியை அந்து தின்னாது. அதற்கு வருவது வெள்ளியாக மின்னி ஓடும் இராமபாணப் பூச்சி, கஞ்சிதான் அதற்குக் குறி. அதனால் நாளாக எடுக்காத துணியைக் கஞ்சி இல்லாமல் வையுங்கள்.

நாஃப்தலீன் உருண்டையை அலமாரியில் ஒன்று இரண்டு உருட்டிவிட்டால் நாற்றம் மட்டும்தான் மிச்சம். மூடிய பெட்டிக்குள் ஆவி தேங்கினால்தான் வேலை செய்யும், அந்த ஆவி நமக்கும் நல்லதில்லை. முக்கியமாக, உருண்டையோடு வைத்த துணியைப் பிறந்த குழந்தைக்குப் போடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவான குழந்தைகளுக்கு இதனால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் தெரிந்தே இருக்காது. உருண்டையோடு கற்பூரத்தையும் சேர்த்து வைப்பவர்களுக்கு: இரண்டும் ஒன்று சேர்ந்தால் கசிந்து உருகித் துணியில் கறை போடும்.

நாலு_வருடம்_திறக்காதவள்

துவைத்துவிட்டேன். வாசனை போய்விட்டது. ஓட்டைகளை அடைக்கவில்லை.

காஜா_சுருங்கியவன்

கண்டிஷனர் முயன்றேன். அறிவுரை வேண்டாம் என்று சொன்னவன்தான், இருந்தாலும். நீளம் இரண்டு விரல்கடை கூடியது. கை இன்னும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறது. காஜா திறக்கவில்லை.

அப்பா வந்தார். மறைக்க முடியவில்லை, கட்டிலில் வைத்துவிட்டேன். எடுத்தார், ஒரு கையை நுழைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். ஒரு பட்டனைக் கட்டை விரலால் தேய்த்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு, வெட்டி எடுத்து வைடா" என்றார். ஐந்தும் இப்போது ஒரு தீப்பெட்டியில் இருக்கின்றன. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கல்லுப்பு

உப்பு விஷயம். ஒரு பழைய வெள்ளைத் துணியை இரண்டாகக் கிழித்து, புது நீல பேன்ட்டின் உள்மடிப்பில் வெட்டிய இரண்டு துண்டுகளோடு இரண்டு கிண்ணத்தில் போட்டேன். ஒன்றில் உப்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். காலையில் இரண்டும் நீலம். உப்பு போட்டது ஒரு சாயல் கூடுதல் நீலம்.

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேற்று அடுத்த புதுத் துணியை நனைத்தபோது கை தானாகப் போய் உப்பு டப்பாவைத் திறந்துவிட்டது.