மாவட்ட ரிப்போர்ட் கார்டை நம்பி மீட்டிங்குக்குப் போய் அசிங்கப்பட்டவர்கள் உண்டா?

தொண்ணூறடி ரோடு

மூன்று வருடம் ஆகப்போகிறது, இன்னும் அந்த ஹால் கண்ணுக்குள் நிற்கிறது. தாராவி, தமிழ் மீடியம் முனிசிபல் பள்ளி, பையன் அப்போது ஐந்தாவது. வகுத்தல் சுத்தமாக வரவில்லை. பெற்றோர் தரப்பில் பள்ளிக் கமிட்டியில் என்னையும் சேர்த்திருந்தார்கள், சரி, கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். வெறுங்கையோடு போனால் மதிக்கமாட்டார்களே என்று, நாஸ் 2021, அதாவது பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று மத்திய அரசு நாடு முழுக்க வைத்த தேர்வு, அதன் ரிசல்ட் வெப்சைட்டில் வந்துவிட்டது என்று யாரோ வாட்ஸப்பில் போட்டதைப் பார்த்து, ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனில் மாநிலம், மாவட்டம் என்று தட்டித் தட்டி எங்கள் மாவட்ட ரிப்போர்ட் கார்டு பிடிஎஃப்பை எடுத்தேன். காலையில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட். ஐந்தாம் வகுப்பு கணக்கு, 284. அதைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, 500க்கு 284 என்றால் நூற்றுக்கு 57 கூட இல்லை என்று ஓரத்தில் எழுதியும் வைத்தேன்.

மீட்டிங்கில் எழுந்து நின்று வாசித்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "இதில் நம்ம பள்ளிக்கூடம் பேர் எங்கே இருக்கு அண்ணாச்சி?" என்றார், கோபமே இல்லாமல். நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், இல்லை. "நீங்க வட்டம் போட்டது இந்தியா முழுசுக்கும் உள்ள சராசரி, நம்ம மாவட்டம் பக்கத்துக் கட்டம்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் அந்தப் பேப்பரை அழகாக நாலாக மடித்து என் கையில் கொடுத்தார் பாருங்கள், அந்த மடிப்புதான் மனதை விட்டுப் போகவில்லை. பையனுக்கு வகுத்தல் வரவில்லை என்பதை நான் சொல்லவே இல்லை. டீ வந்தது, குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சயான் ஈஸ்ட்

டீச்சர் கேட்டதில் என்ன தப்பு? நாஸ் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு. 2021 நவம்பர் 12 அன்று நாடு முழுக்க 1.18 லட்சம் பள்ளிகளில் சுமார் 34 லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள், ஒரு பள்ளியில் ஒரு வகுப்புக்கு அதிகபட்சம் 30 பேர். உங்கள் பள்ளி அதில் இருந்ததா என்றே தெரியாது. இருந்திருந்தாலும் பள்ளி வாரியாக மார்க் வெளியிடமாட்டார்கள், மாவட்டத்தோடு சரி. அந்தச் சராசரியில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதை வைத்து ஒரு முனிசிபல் பள்ளியைப் பிடித்து உலுக்கினால் எப்படி? அப்புறம் 500க்கு 284 என்பதை நூற்றுக்கு 57 மார்க் என்று மாற்றியதும் தப்பு, அது நூற்றுக்கு இத்தனை சரி என்கிற மார்க் இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகோல். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் இடத்தில் நான் இருந்தால் இவ்வளவு மரியாதையாகக் கொடுத்திருக்கமாட்டேன்.

செம்பூர் அக்கா

தம்பி சயான், அவர் அசிங்கப்பட்டதைச் சொல்கிறார், நீங்கள் இன்னொரு தடவை அசிங்கப்படுத்துகிறீர்கள்.

என்னுடையது வேறு கதை. இங்கே மகாராஷ்டிராவில் எஸ்எஸ்சி, அதாவது பத்தாவது ரிசல்ட் பார்க்க அப்போது சீட் நம்பர் போடணும், கூடவே அம்மா பெயரின் முதல் மூன்று எழுத்து, இங்கிலீஷில். என் அம்மா பெயர் தங்கம். மதியம் ஒரு மணிக்கு ரிசல்ட், சைபர் கஃபேயில் வரிசை, அம்மாவும் கூட வந்து நிற்கிறாள். டி, ஹெச், ஏ என்று போடுகிறேன், அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறது. மறுபடி போடுகிறேன், இல்லை. பின்னால் நிற்கிறவர்கள் மராத்தியில் முணுமுணுக்கிறார்கள், எனக்கு ஃபெயில் என்றே முடிவாகி அழுகை வந்துவிட்டது. கடைக்காரப் பையன் எட்டிப் பார்த்து, "டி, ஏ, என் போட்டுப் பாரு" என்றான். திறந்தது. நாம் 'த'வுக்கு ஹெச் சேர்த்து எழுதுகிறவர்கள், இந்த ஊரில் ஹெச் போட்டால் அது வேறு எழுத்து, பள்ளியில் ஃபாரம் எழுதினவர் அவர் வழக்கப்படி எழுதியிருக்கிறார். 61 சதவீதம்.

என் மார்க்கை அம்மா கேட்கவே இல்லை. "என் பேர்ல என்னடி தப்பு?" என்றுதான் கேட்டாள், தாதர் வரைக்கும் டிரெயினில் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

குர்லா டியூஷன் சார்

நானும் ஒரு தடவை மாட்டினேன். இலவச டியூஷனுக்குப் பண உதவி கேட்டு எழுதின கடிதத்தில் ஏசர், அதாவது வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கிற கணக்கெடுப்பு, அதன் புள்ளிவிவரத்தைத் தாராவிக்கு என்று போட்டுவிட்டேன். பணம் கொடுக்க வந்தவர் ஒரே வரியில் "தாராவி எப்போ சார் கிராமம் ஆச்சு?" என்று பதில் போட்டார். ஏசர் கிராமப்புறத்துக்கு மட்டும், 2005லிருந்தே.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வெப்சைட்டில் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் அது யாருடையது என்று பாருங்கள், பள்ளியா, மாவட்டமா, மாநிலமா. அடுத்து எந்த வகுப்பு. 2021 நாஸில் 3, 5, 8, 10. அதையே 2024 டிசம்பரில் பரக் என்று பெயர் மாற்றி நடத்தினபோது 3, 6, 9. 2021 ரிப்போர்ட் 500க்கு, 2024 சதவீதத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏறிவிட்டது இறங்கிவிட்டது என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சராசரியை விட்டுவிட்டு, ரிப்போர்ட்டில் ஒவ்வொரு திறனுக்கும் தனியாகக் கொடுத்திருப்பதைப் படியுங்கள், அதுதான் உபயோகம். 2024இல் நாடு முழுக்க ஆறாம் வகுப்பில் கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தலைப் புரிந்து போட்டு, பத்து வரைக்குமாவது வாய்ப்பாடு தெரிந்தவர்கள் 53 சதவீதம்தான். அண்ணாச்சி, உங்கள் பையன் தனி ஆள் இல்லை. உங்களுக்கு ரிப்போர்ட் கார்டே வேண்டியதில்லை, ஏசரின் கணக்குத் தாள் தமிழிலேயே இருக்கிறது, ஒரு பக்கம்தான், எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்கத்தை ஓர் இலக்கத்தால் வகுத்தல். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்தால் ஐந்து நிமிடம். அவன் போட்ட தாளையே மீட்டிங்குக்குக் கொண்டுபோங்கள், அதில் பள்ளிக்கூடம் பேர் எங்கே என்று யாரும் கேட்கமுடியாது. பெருக்கல் வாய்ப்பாட்டை ராகமாகச் சொல்லவைப்பதை நிறுத்தாதீர்கள், அதைக் கேலி செய்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இரவு ஒன்பதுக்கு மேல் கணக்கு வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் போடுகிற கணக்கு மனதில் நிற்காது.

சயான் ஈஸ்ட்

நான் அசிங்கப்படுத்தவில்லை அக்கா. சார் நான் சொன்னதையேதான் நீட்டிச் சொல்லியிருக்கிறார்.

லேபர் கேம்ப் பழைய ஆள்

நீங்கள் சராசரிக்குச் சண்டை போடுங்கள். நான் படித்த பள்ளியில் இப்போது எப்படி மார்க் வாங்குகிறார்கள் என்று பார்க்கப்போய் யுடைஸ் பிளஸ் என்கிற அரசின் பள்ளித் தகவல் வெப்சைட்டில் பள்ளியின் 11 இலக்க எண்ணைக் கண்டுபிடித்துத் திறந்தேன். மார்க் எங்கே இருக்கிறது அதில்? கழிப்பறை எத்தனை, குடிதண்ணீர் உண்டா, ஆசிரியர் எத்தனை, வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள். மூடப்போனேன், ஒன்றாம் வகுப்பு வரிசை கண்ணில் பட்டது. 7. எங்கள் காலத்தில் பெஞ்சுக்கு ஐந்து பேர், இடம் இல்லாமல் இரண்டு வரிசை தரையில். ஏழு பேர் மார்க்கை எதற்குப் பார்க்க என்று போனை வைத்துவிட்டேன்.

தொண்ணூறடி ரோடு

சார், அந்தத் தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பையன் இப்போது எட்டாவது. 879ஐ 7ஆல் வகுக்கச் சொன்னேன். 125 வந்தது, மீதி 4ஐ எழுதாமல் விட்டுவிட்டு, "இதை எங்கேப்பா வைக்கிறது?" என்றான்.