காரைக்குடியில் சனிக்கிழமை ராத்திரி ஆட்டம்: சின்ன பாரிலா, வளவு வீட்டிலா?

செக்காலை:
நம்ம பக்கம் ராத்திரி ஆடணும்னா முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழா வரணும், இல்லைன்னா கல்யாண ஊர்வலம் வரணும். ஓட்டலோட சேர்ந்த சின்ன பார் ஒண்ணுல வாரம் ஒரு ராத்திரி மேசைகளை ஓரங்கட்டி, பாட்டுப் போட்டு ஆட விட்டா என்ன? அமெரிக்காவுல தெருமுனை பார்கள்ல நடக்குறது இதுதான். நுழைவுக் கட்டணம் கிடையாது, இன்ன உடைன்னு விதி கிடையாது, மேடை கிடையாது. மூலையில காசு போட்டா பாடுற பெட்டி, நாலு மேசை நகர்ந்தா ஆடுற தரை. 20க்கு 30 அடி அறையில 30 பேர் ஆடினா இடம் நிறைஞ்சு ஆட்டம் சூடு பிடிச்சிடும். அதே 30 பேரைக் கல்யாண மண்டபத்துல விட்டா ஆளுக்கொரு தூண் பக்கம் ஒதுங்கி நிப்பாங்க. என் கட்சி பார்தான். மறுப்பு இருந்தா காரணத்தோட சொல்லுங்க.

கானாடுகாத்தான் வளவு:
மறுக்கிறேன். டாஸ்மாக் கடையை ஒட்டின பார் இந்தப் பேச்சுக்கே ஆகாது. கடை பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10க்கு மூடுது. பாரை ஏலம் எடுத்தவருக்குத் தின்பண்ட விற்பனைதான் முக்கிய வரவு. தரையைப் பத்தி அவர் ஏன் கவலைப்படணும்? தகரக் கூரை, சிமெண்டுத் தரை, கால் வைக்கிற இடமெல்லாம் மூடியும் எலும்பும். ஓட்டல் பார் கொஞ்சம் தேவலை, ஆனா அதுவும் குடிக்கிறதுக்குன்னு கட்டின அறை. நம்ம ஊர்ல எத்தனை வீடு வருஷத்துல பாதி நாள் பூட்டிக் கிடக்கு! செட்டிநாட்டு வீட்டு முற்றக் கட்டான வளவைத் திறந்தா நடுவுல வானம், நாலு பக்கமும் தாழ்வாரம். ஆடுறவங்க முற்றத்துல, உட்கார்றவங்க தூணோரம், சாப்பாடு பின்கட்டுல. மது வேண்டவே வேண்டாம். இதை விட்டுட்டு ஏன் பாருக்குப் போகணும்?

செக்காலை:
வளவு அழகுதான், யார் இல்லைன்னா? ஆனா ஒரு வளவைத் திறக்கப் பங்காளிங்க எத்தனை பேர்கிட்ட சம்மதம் வாங்கணும்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் மலேசியாவுல. வாராவாரம் நடக்குற விஷயம் இல்லை அது. பார்னா ஒரே முதலாளி, ஒரே சாவி.

பள்ளத்தூர் மைக்செட்:
ரெண்டு பேரும் இடத்தைப் பத்தியே பேசுறீங்க. சத்தத்தையும் சூட்டையும் சொல்றேன், பார் ஆட்டம் கெட்டுப் போறது அங்கதான்.

ஆடுற ஆள் ஒருத்தர் உடம்பு 350 வாட் அளவுக்குச் சூட்டைக் கக்கும். 30 பேர்னா பத்தரை கிலோவாட். ஏசியில ஒரு டன்னா மூன்றரை கிலோவாட் சூட்டை வெளியேத்தும். ஆளுங்களுக்கு மட்டுமே 3 டன் வேணும். நம்ம ஊர் வெயில்ல நாள் பூரா காஞ்ச சுவரும் மாடியும் விடுற அனல் தனி. சின்ன பார்கள்ல ஒன்றரை டன் பெட்டி ரெண்டு இருந்தா அதிகம். முக்கால் மணி நேரத்துல வேர்த்துக் கொட்டும், யாராவது கதவைத் திறந்து கல் முட்டுக் கொடுத்துடுவாங்க. கதவு திறந்த அந்த நிமிஷம் தெரு முழுக்கப் பாட்டு. அடுத்த வீட்டுலேர்ந்து போலீசுக்கு போன் போகும். ஆட்டம் நின்னா எல்லாரும் பாட்டு மேல பழி போடுவாங்க. காரணம் ஏசி.

அடுத்தது ஸ்பீக்கர் பெட்டி. 20க்கு 30 அறைக்கு 12 அங்குல பவர் ஸ்பீக்கர் ரெண்டு, அடிச் சத்தத்துக்கு 15 அங்குல சப் (சப்வூஃபர்) ஒண்ணு தாராளம். ஸ்பீக்கரைத் தலைக்கு மேல ஆறரை அடி உயரத்துல தூக்கி, தரை நடுவைப் பார்த்துக் கொஞ்சம் கீழே சாய்க்கணும். மேசை மேல வச்சா முன்வரிசைக்காரன் காது கிழியும், பின்னாடி நிக்கிறவனுக்கு முன்னாடி ஆளுங்க முதுகுல மோதி அமுங்கின சத்தம்தான் கேட்கும். சப்பை மூலையில தள்ளாதீங்க. ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடிச் சத்தத்தை ஊதிவிடும், தவில் எது, பாஸ் கிட்டார் எதுன்னே பிரியாது, எல்லாம் ஒரே 'கும்'. சுவரைத் தாண்டிப் போறதும் அந்தக் கும்தான். 40 ஹெர்ட்சுக்குக் கீழே இருக்கிற அடிச் சத்தத்தை வெட்டி விடுங்க; ஆடுறவனுக்கு ஒரு குறையும் தெரியாது, அடுத்த வீட்டுக்காரருக்குப் பெரிய வித்தியாசம் தெரியும்.

அளவு: ரெண்டு மணி நேரம் ஆடுற இடத்துல நடுத்தரையில 91 டெசிபல் போதும். 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏத்தத்துக்கும் நேரம் பாதியாகும், 100க்கு வந்தா கால் மணி நேரம்தான். வேலை செய்யுற இடங்களுக்கு வச்ச கணக்கு அது, காது ஒண்ணுதானே. ஆம்ப்ல சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தா அது கூடுதல் சத்தம் இல்லை, சிதைஞ்ச சத்தம். முதல்ல எரிஞ்சு போறது மேல் சத்தம் கொடுக்கிற ட்வீட்டர். ஏசியையும் ஆம்பையும் ஒரே ஃபேஸ்ல போடாதீங்க. கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கிற ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் இறங்கும், பெட்டி 'டொப்'புன்னு அடிக்கும்.

கானாடுகாத்தான் வளவு:
நீங்க சொன்ன சூட்டுக் கணக்கு என் பக்கம்தான் பேசுது, அண்ணே. முற்றத்துல ஏசியே வேண்டாம்.

பள்ளத்தூர் மைக்செட்:
சூட்டுல உங்க பக்கம், சத்தத்துல இல்லை. வளவுச் சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைச்சுப் பூசி, கண்ணாடி மாதிரி இழைச்சது. எதிரெதிர் சுவருக்கு நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க, 'டரரர்'னு அதிர்ந்து திரும்பி வரும். நாயனம் அதுல சுகமா இருக்கும், பதிவுப் பாட்டு கொழகொழன்னு ஆகிடும். ஜமக்காளம் தொங்கவிட்டா கிறீச்சு கொஞ்சம் குறையும், அடிச் சத்தத்துக்கு அது ஒண்ணும் செய்யாது. பெட்டியைச் சுவரைப் பார்க்க வைக்காம, நாலு சின்னப் பெட்டியை நாலு தூண்ல உள்முகமாக் கட்டி, ஒவ்வொண்ணையும் குறைச்சு வைக்கிறதுதான் வழி.

தேவகோட்டை ரஸ்தா:
சட்டம் தெரியாம நேரம் குறிக்காதீங்க. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. அரங்கம், சமுதாயக்கூடம், விருந்து மண்டபம் மாதிரி மூடின இடத்துல, உள்ளே இருக்கிறவங்களுக்காக மட்டும் போடுறதுக்கு விலக்கு உண்டு. வளவு முற்றம் வானம் பார்த்தது, மூடின இடம்னு வாதாட முடியாது. 10 அடிச்சா பெட்டியை அணைக்கணும். விழாவுக்காக மாநில அரசு நடுராத்திரி 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல இல்லை. சனிக்கிழமைதோறும் நடக்குற ஆட்டத்துக்கு அது உதவாது.

செக்காலை அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். மூடின பாரா இருந்தாலும், தனியார் இடத்தோட எல்லையில அந்தப் பகுதிக்கு வச்ச அளவை விட 5 டெசிபலுக்கு மேல கேட்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி அளவு 45. அப்ப உங்க காம்பவுண்டுச் சுவர்ல 50. உள்ளே 91 வச்சா சுவரும் கதவும் சேர்ந்து 41 டெசிபலை முழுங்கணும். ஒரு செங்கல் கனச் சுவர், அதாவது ஒன்பது அங்குலச் சுவர், முழுங்கும். வெறும் ஃபிளஷ் கதவும் கண்ணாடி ஜன்னலும் முழுங்காது. ரெண்டு கதவு, நடுவுல நாலடி இடைவெளி, ஒண்ணு மூடின பிறகுதான் இன்னொண்ணு திறக்கணும்.

ஆடுறதுக்கே தனியாத் தடை போட்ட ஊர்களும் உண்டு. நியூயார்க்ல 1926லேர்ந்து 2017 வரை, ஜனங்க ஆடுற பார்னா தனி உரிமம் வேணும்னு இருந்துச்சு. ஜப்பான்ல 1948ல வந்த சட்டம் நடுராத்திரிக்கு மேல ஆட விடலை. 2015ல திருத்தி அடுத்த வருஷம்தான் நடைமுறைக்கு வந்துச்சு. ரெண்டு இடத்துலயும் ஆட்டத் தடை போயிடுச்சு, சத்தக் கட்டுப்பாடு போகலை. அக்கம்பக்கத்துத் தூக்கத்துக்கு மதிப்புக் கொடுத்தாத்தான் எந்த ஊர்லயும் ஆட்டம் நிலைக்கும்.

செக்காலை:
ரெண்டு கதவு வச்சுக்கலாம், ஏசியும் கூட்டலாம். ஆக மூடின அறைதான் 10 மணியைத் தாண்டும்னு நீங்களே சொல்லிட்டீங்க. நான் விட்டுக்கொடுக்கலை.

கோவிலூர் கும்மி:
இதுவரைக்கும் ஆண்களே பேசியிருக்கீங்க போல, அதனால கேட்கிறேன்: இந்த 30 பேர்ல பெண்கள் எத்தனை பேர்? பார்னு பலகை தொங்குற வாசல் வழியாத்தான் உள்ளே வரணும்னா ஒருத்தரும் வர மாட்டோம். பயம் மட்டும் காரணம் இல்லை, அந்த வாசல்ல யார் பார்த்தாலும் மறுநாள் பதில் சொல்ற நிலைமை எங்களுக்குத்தான்.

ஆட்டமே ஒரு வகைதான்னு வச்சுக்கிட்டுக் கணக்குப் போடுறீங்க. குத்தாட்டத்துக்கு ஆளுக்கு எட்டு சதுர அடி போதும். கும்மிக்கு வட்டம் வேணும். குனிஞ்சு நிமிர்ந்து தட்ட ஆளுக்கு மூணடி விடணும். 20 பேர்னா சுற்றளவு 60 அடி, குறுக்கு 19 அடி. உங்க 20 அடி அறையில முதுகு சுவரை உரசும். கோலாட்டம்னா ஆளுக்கு நாலடி, குறுக்கு 25 அடி தாண்டும், அறைக்குள்ள ஏறவே ஏறாது. முற்றத்துல ஏறும். அதோட கும்மிக்குப் பெட்டியே வேண்டாம், கைத்தட்டும் குரலும் போதும். 10 மணி விதி ஒலிபெருக்கிக்கும் கொட்டுக்கும்தான், கையை அணைக்கச் சொல்லுமா?

செக்காலை:
அக்கா, சின்னப் பசங்க கும்மிக்கு வருவாங்களா?

கோவிலூர் கும்மி:
வருவாங்க தம்பி, வரிசையைச் சரியா வச்சா. எடுத்த எடுப்புல வேகப் பாட்டைப் போட்டா ஆடத் தெரிஞ்ச நாலு பேர் நடுவுல வந்துடுவாங்க, மத்தவங்க சுவரோரம் கைபேசியோட நின்னுடுவாங்க. நிமிஷத்துக்கு 95, 100 தட்டுல இருக்கிற பாட்டுல வட்டமா ஆரம்பிக்கணும். வட்டத்துல யாரும் யாரையும் தனியாப் பார்க்கிறதில்லை, கூச்சம் போயிடும். அரை மணி கழிச்சு 120, 130க்கு ஏத்தி வட்டத்தைக் கலைச்சு விடுங்க. மூணு வேகப் பாட்டுக்கு ஒரு மெதுவான பாட்டு. 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாட்டை நிறுத்திப் பானைத் தண்ணியோ நீர்மோரோ கொடுங்க.

கொத்து வேலை கோட்டையூர்:
தரையைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கலை. வளவோ பாரோ, ஆத்தங்குடிக் கல் போட்ட தரையில அப்படியே ஆட விடாதீங்க. கண்ணாடி மேல சாயத்தையும் சிமெண்டையும் ஊத்தி எடுத்து, தண்ணியில போட்டுப் பதப்படுத்துற கல் அது, சூளையில வேகுறதில்லை. முகம் வழவழன்னு இருக்கும், எண்ணெய் போட்டுத் துடைச்சுத் துடைச்சு இன்னும் மெருகேறியிருக்கும். காஞ்சிருந்தா வெறுங்காலுக்குச் சுகம். ரெண்டு சொட்டு வேர்வையோ மோரோ விழுந்தா சறுக்கும். எலுமிச்சை சோடா, பீர் மாதிரிப் புளிப்பு கொட்டி அப்படியே கிடந்தா மேல் பூச்சை அரிச்சு வெள்ளைத் திட்டு விழும், அது திரும்பி வராது. சறுக்காம இருக்கட்டும்னு பவுடர் தூவுறவங்களைப் பார்த்தா கையைப் பிடிச்சு நிறுத்துங்க. பவுடர் இன்னும் சறுக்கும்.

மேலே மரத்தரை போடுங்க. 16க்கு 16 அடிக்கு 12 மில்லி பிளைவுட் 8க்கு 4 பலகை ஓர் அடுக்குக்கு 8, ரெண்டு அடுக்குக்கு 16. கீழே 10 மில்லி ரப்பர் பாய். முதல் அடுக்கு நெட்டா, மேல் அடுக்கு குறுக்கா. ரெண்டு அடுக்கோட மூட்டும் ஒண்ணு மேல ஒண்ணு வரவே கூடாது, நடு மூட்டு ஒத்து வந்தா பலகையை வெட்டித் தள்ளிப் போடுங்க. ஒரே அடுக்காப் போட்டா ஒரு மணி நேரக் குதியில மூட்டு வாயைப் பிளக்கும், கால் கட்டைவிரல் அதுலதான் மாட்டும். திருகாணித் தலை பலகைக்குள்ள இறங்கியிருக்கணும். ஓரம் 34 மில்லி உயரம் நிக்கும், நாலு பக்கமும் சாய்வுச் சட்டம் அடிச்சு மஞ்சள் பட்டை ஒட்டுங்க. ரப்பரும் பலகையும் இல்லாம சிமெண்டு மேல ரெண்டு மணி நேரம் குதிச்சா மறுநாள் கெண்டைக்காலும் முட்டியும் பேசும். அதோட அறைக்குள்ள ஒரு கண்ணாடிப் பாட்டில் கூட வரக் கூடாது. எவர்சில்வர் டம்ளர் போதும்.

கானாடுகாத்தான் வளவு:
பாட்டில் வராதுன்னா அது பாரே இல்லையே. நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றதும் அதுதான்.

செக்காலை:
பாட்டில் பார் அறையிலேயே இருக்கட்டும், ஆட்டம் பக்கத்து விருந்து அறையில. நடுவுல கதவு. குடிக்கிறவன் அங்க குடிச்சிட்டு, வெறுங்கையோட இங்க வரட்டும். ஓட்டல்ல இது முடியும், வளவுல முடியாது.

தேவகோட்டை ரஸ்தா:
குடிச்சவங்க வீடு திரும்புறதையும் சேர்த்துச் சொல்லுங்க. வண்டி ஓட்டுறவரோட 100 மில்லி ரத்தத்துல மது 30 மில்லிகிராம் தாண்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். கோட்டையூர், பள்ளத்தூர்லேர்ந்து வர்றவங்க எல்லாரும் இருசக்கர வண்டிதான். ரெண்டு வேன் பேசி, கிளம்புற நேரத்தை வாசல்ல எழுதி ஒட்டாம ஆரம்பிக்காதீங்க.

கோவிலூர் கும்மி:
செக்காலை தம்பி சொன்ன விருந்து அறைக்கு ஓட்டல் பக்கத்துத் தனி வாசல் இருந்தா நான் யோசிக்கிறேன். பார் கதவு ஆட்ட அறைக்குள்ள நேராத் திறக்கக் கூடாது, நடைபாதையில திறக்கட்டும், அங்க ஓட்டல் ஆள் ஒருத்தர் நிக்கணும். உள்ளே வர்றவங்க கைபேசிக் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டணும். பை வைக்க அலமாரி வேணும். மணி ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்கு முடியணும்; 10 மணியைத் தாண்டுற பேச்சே வேண்டாம்.

செக்காலை:
ஒன்பதே முக்காலுக்கு முடிச்சா அது ராத்திரி ஆட்டமா அக்கா? பதினொண்ணு வரைக்குமாவது வேணும்.

கோவிலூர் கும்மி:
பதினொண்ணு வரை நடந்தா மூணாவது வாரம் உங்க நண்பர்கள் மட்டும்தான் இருப்பாங்க. பெண்கள் கழிப்பறை எங்க இருக்கு, அதுக்கு உள்தாழ்ப்பாளும் விளக்கும் இருக்கான்னு படம் எடுத்து இங்க போடுங்க. தேதியை அப்புறம் பேசுவோம்.